இரண்டாவது ஒலியைத் தேடி

திண்டிவனத்தில் ஒரு பழைய இரும்புக் கடை. ஃபேன் காயில்களுக்கும் துருப்பிடித்த ஸ்டெபிலைசர்களுக்கும் நடுவே அந்தப் பெட்டி கிடந்தது. பழுப்பேறிய உடல், மேல் வரிசையில் செம்மஞ்சள் நிறத்தில் பத்து விசைகள், புள்ளிகளால் ஆன ஆந்தைச் சின்னம். பிபிசி மைக்ரோ! கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1981 இறுதியில் வெளியிட்ட கணினி. பிரிட்டிஷ் மக்களுக்குக் கணினியைக் கற்றுத்தர பிபிசி எடுத்த முயற்சிக்காகப் பிறந்தது. இது திண்டிவனத்துக்கு எப்படி வந்தது, எதனால் ஓய்ந்தது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்று தோன்றியது. எடைக்குப் பேசி வாங்கிவந்தேன்.

முதல் கேள்விக்கான தடயம் பெட்டியின் பக்கவாட்டில் பெயின்டால் எழுதியிருந்தது: 'கிளாஸ்'. 1984-85இல் மத்திய அரசு தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் சுருக்கப் பெயர் அது. முன்னோடி முயற்சியாகத் தொடங்கிய அத்திட்டம் பிபிசி மைக்ரோவைத்தான் தேர்ந்தெடுத்தது. சுமார் 12,000 கணினிகள் மாநில அரசுகள் வழியாகப் பள்ளிகளுக்குப் போயின. மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், இதே வடிவமைப்பில் 'யூனிகார்ன்' என்றொரு கணினியையும் செய்தது.

இந்தக் கணினிகள் வந்த பள்ளியில் அந்தக் காலத்தில் கணக்கு நடத்திய, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைத் தேடிப் போனேன். "ரூம் சாவி எச்.எம். கிட்டதான் இருக்கும் தம்பி. செருப்ப வெளியில விட்டுட்டுத்தான் பசங்க உள்ள வருவாங்க. ஒருநாள் ஆன் பண்ணோம், பொகை வந்துச்சு. அதோட மூடி வெச்சாச்சு" என்றார். இரண்டாவது கேள்விக்கான வழி அந்தப் புகையில் இருந்தது.

விழுப்புரத்தில் பழைய டிவிகளை இன்றும் பழுதுபார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். பிளக்கைக் கையில் எடுத்ததுமே, "சொருகிடாதீங்க சார், மொதல்ல சப்ளையப் பிரிச்சுப் பாப்போம்" என்று தடுத்துவிட்டார். பவர் சப்ளையின் மூடியைக் கழற்றினார். மின்சாரம் நுழையும் இடத்திலேயே, மஞ்சள் பிசின் உறை போட்ட சிறு கண்டன்சர். உறை முழுக்க மயிரிழை விரிசல்கள், ஒரு மூலை கருகியிருந்தது.

பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே நின்று மின் இரைச்சலை வடிகட்டுவது அதன் வேலை. உள்ளே இருப்பது உலோகம் பூசிய காகிதம். வயதாக ஆக உறை வெடிக்கிறது, விரிசல் வழியே ஈரம் புகுகிறது, காகிதம் ஈரத்தை உறிஞ்சுகிறது. அப்புறம் 230 வோல்ட் பாய்ந்தால் ஷார்ட், புகை, நாற்றம். உலகெங்கும் பிபிசி மைக்ரோக்களுக்கு நேரும் கோளாறு இது. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் உப்பளங்களைத் தொட்டுவரும் ஈரக்காற்றில் காகிதக் கண்டன்சர் எப்படித் தாங்கும்?

அதை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் ஃபிலிம் வகைக் கண்டன்சரை ஈயம் வைத்துப் பொருத்தினார். உலர்ந்துபோயிருந்த எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களையும் மாற்றினார். கணினியோடு இணைக்காமல், ஒரு பைக் ஹெட்லைட் பல்பை லோடாகப் போட்டு, சீரீஸ் பல்ப் வழியாகக் கரண்ட் கொடுத்தார். சீரீஸ் பல்ப் ஒருமுறை மின்னி மங்கியது. ஷார்ட் இல்லை. மீட்டரில் ஐந்து வோல்ட் அசையாமல் நின்றது.

பிறகுதான் மதர்போர்டு. சுவிட்சைப் போட்டதும் 'பூ...' என்று தாழ்ந்த ஒலி. அது நிற்கவே இல்லை. இந்தக் கணினியில் மின்சாரம் வந்ததுமே ஒலிச் சிப் தானாகக் கத்தத் தொடங்கும். ரோமில் உள்ள இயக்க நிரல் ஓடத் தொடங்கித்தான் அதை அடக்கி, 'பீப்' என்று இரண்டாவது ஒலியை எழுப்பும். முதல் ஒலி நீண்டுகொண்டே போனால், கரண்ட் வந்துவிட்டது, நிரல் ஓடவில்லை என்று அர்த்தம்.

ரோம் சிப்பைச் சாக்கெட்டிலிருந்து நெம்பி எடுத்தோம். கால்கள் கறுத்திருந்தன. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, மறுபடி அழுத்திப் பொருத்தினோம். இந்த முறை 'பூ' நின்றது, 'பீப்' வந்தது. டிவித் திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே', கீழே 'பேசிக்', அதற்கும் கீழே கட்டளைக்குக் காத்திருக்கும் குறி.

ஒரு தலைமுறைக்குக் கணினியை முதன்முதலாகக் காட்டிய இயந்திரத்தை மூலையில் உட்காரவைத்தது ஒரு சிறு கண்டன்சர். எத்தனை கணினி கொடுத்தோம் என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு கணினிக் கல்வியின் வரலாற்றை எழுதிவிட முடியாது. அவை எதனால் நின்றன என்பதும், பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் பக்கத்து ஊரிலேயே இருந்தார்கள் என்பதும் அந்த வரலாற்றில் சேரவேண்டும். உங்கள் பள்ளியின் ஸ்டோர் ரூமில் ஆந்தைச் சின்னம் போட்ட பெட்டி இருந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிளக்கில் சொருகியும் பார்க்காதீர்கள். விவரம் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு, முதலில் பவர் சப்ளையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.