ஒலிம்பியாவில் தோற்று, சியாட்டிலில் ஜெயித்து

அன்புள்ள கார்த்திக்,

சாஃப்ட்வேர்காரர்களுக்கும் சட்டமன்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று போனில் கேட்டாய். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. நீ இருக்கும் வாஷிங்டன் மாநிலத்திலேயே அதற்கு நல்ல வரலாறு உண்டு. அதில் சுவாரசியமான பாதி, புனேயில் பிறந்து மும்பையில் வளர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண்ணுடையது. (வாஷிங்டன் என்றால் வெள்ளை மாளிகை இருக்கும் ஊர் அல்ல என்று உன் பாட்டிக்கு இன்னும் புரியவைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.)

முதலில் அந்தச் சட்டமன்றம். தலைநகர் ஒலிம்பியா, சியாட்டிலுக்குத் தெற்கே 60 மைல். மாநிலத்தில் 49 தொகுதிகள். தொகுதிக்கு ஒரு செனட்டர், இரண்டு பிரதிநிதிகள். ஆக மேலவையில் 49 பேர், கீழவையில் 98 பேர். முழுநேர வேலை கிடையாது. ஒற்றைப்படை ஆண்டுகளில் 105 நாள், இரட்டைப்படை ஆண்டுகளில் 60 நாள் கூடிக் கலைவார்கள். 2012 வாக்கில் உறுப்பினரின் ஆண்டுச் சம்பளம் 42,106 டாலர். அந்த வட்டாரத்து சாஃப்ட்வேர் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் அது பாதிகூட வராது. சட்டமன்றத்துக்குப் போக யாருக்குக் கட்டுப்படியாகும் என்பதை இந்தக் கணக்கே பெருமளவு தீர்மானித்துவிடுகிறது.

ராஸ் ஹண்டருக்குக் கட்டுப்படியானது. மைக்ரோசாஃப்டில் 17 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு விலகியவர். ஊர் மெடினா, பில் கேட்ஸ் வீடு இருக்கும் அதே ஊர். 2002 தேர்தலில் 48ஆம் தொகுதியிலிருந்து ஜனநாயகக் கட்சி சார்பில் கீழவைக்குப் போனார். அங்கே அவர் பெயர் வாங்கியது கம்ப்யூட்டர் விஷயத்தில் அல்ல, வரியிலும் பட்ஜெட்டிலும். நிதிக் குழுத் தலைவராக இருந்தார், பிறகு பட்ஜெட்டைக் கையாளும் குழுவுக்குத் தலைவரானார், 2015இல் மாநில மழலையர் கல்வித் துறையின் இயக்குநராகப் போய்விட்டார். ஒழுங்கான, பயனுள்ள, கொஞ்சம் சலிப்பூட்டும் பாதை.

க்ஷமா சாவந்தின் பாதையில் சலிப்புக்கு இடமே இல்லை.

மும்பைப் பல்கலைக்கழகத்தில் 1994இல் கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டம், கல்யாணமாகி அமெரிக்கா, அங்கே சிறிது காலம் சாஃப்ட்வேர் இன்ஜினியர் வேலை. கணவரும் அதே துறைதான். அந்த வேலையிலேயே இருந்திருந்தால் இன்று உன் பக்கத்து டீமில் யாருக்காவது மேனேஜராக இருந்திருப்பார். இவ்வளவு பணக்கார நாட்டில் இத்தனை ஏழைகள் எப்படி என்ற கேள்வி அவரை விடவில்லை. வேலையை உதறிவிட்டு, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 2006இல் சியாட்டில் வந்து, கல்லூரிகளில் பகுதிநேரமாகப் பாடம் நடத்தினார். 'சோஷலிஸ்ட் ஆல்டர்நேட்டிவ்' என்ற சிறிய கட்சியில் சேர்ந்தார். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 2010இல். அடுத்த வருஷமே, பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்துப் பொது இடங்களில் கூடாரம் போட்டு உட்காரும் ஆக்குப்பை போராட்டம் சியாட்டிலுக்கு வந்தது. அந்தக் கூடாரங்கள் பிறகு இடம் மாறியது அவர் பாடம் நடத்திய கம்யூனிட்டி கல்லூரி வளாகத்துக்கே.

2012இல் அவர் சட்டமன்றத்துக்கு நின்ற கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்த மாநிலத்தில் ஆகஸ்டில் நடக்கும் முதற்கட்டத் தேர்தல் எல்லாக் கட்சிக்கும் பொதுவானது. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள், ஒரே கட்சிக்காரர்களாக இருந்தாலும், நவம்பரில் மோதுவார்கள். 43ஆம் தொகுதியின் இரண்டு பிரதிநிதி இடங்களில் சாவந்த் மனு போட்டது முதலாவதுக்கு, அதில் இருந்த ஜேமி பெடர்சனை எதிர்த்து. இரண்டாவது இடம் சபாநாயகர் ஃப்ராங்க் சாப்புடையது. சாப் 1995 முதல் அவையில் இருந்தவர். 1999இல் அவர் முதன்முதலாக அந்த நாற்காலிக்கு வந்தபோது இரு கட்சிக்கும் 49க்கு 49 என்று இருந்ததால், ஆளுக்கொரு சபாநாயகரை வைத்து அவையை நடத்தினார்கள் என்பது தனி வேடிக்கை.

இந்த நேரத்தில் 'தி ஸ்ட்ரேஞ்சர்' என்ற உள்ளூர்ப் பத்திரிகை ஒரு குறும்பு செய்தது. சாப்பின் இடத்துக்கும் சாவந்தின் பெயரையே எழுதிப் போடுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொண்டது. அங்கே எல்லாம் தபால் ஓட்டு. வாக்குச்சீட்டில் அச்சிட்ட பெயருக்குக் கீழே ஒரு காலிக் கோடு இருக்கும். அச்சில் இருப்பவரைப் பிடிக்கவில்லை என்றால் அதில் வேறு பெயரை நீயே பேனாவால் எழுதலாம். எழுதினார்கள். எண்ணி முடித்தபோது சாவந்த் இரண்டு இடங்களிலும் நவம்பருக்குத் தேறியிருந்தார். ஒருவர் இரண்டு இடத்தில் நிற்க முடியாது என்பதால் பெடர்சனை விட்டுவிட்டு, சபாநாயகரோடு மோதுவதையே தேர்ந்தெடுத்தார். மனு போடாமல் வந்த இடம், ஆகவே கட்சிப் பெயரை அச்சிட முடியாது என்றார்கள். கோர்ட்டுக்குப் போய் அதையும் வாங்கினார்.

நவம்பரில் தோற்றார். கிடைத்தது ஏறத்தாழ 29 சதவீதம். நம் ஊர்க் கணக்கில் டெபாசிட் தப்பியது, அவ்வளவுதான். ஆனால் சோஷலிஸ்ட் என்று அச்சிட்ட ஒரு பெயருக்கு, மாநிலத்தின் செல்வாக்கான ஆளை எதிர்த்து அத்தனை பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரிந்துபோனது.

மறு வருஷம் சியாட்டில் நகரசபைக்கு நின்றார். எதிரே ரிச்சர்ட் கான்லின், 16 வருஷமாக உறுப்பினர். சாவந்தின் முக்கியக் கோஷம்: மணிக்கு 15 டாலர் கூலி. தேர்தல் இரவில் கான்லின்தான் முன்னிலை. தபால் ஓட்டு ஆதலால் கடைசி நாளில் போட்டவை பிறகுதான் எண்ணப்படும். தினமும் ஒரு கட்டு எண்ண எண்ண, இடைவெளி சுருங்கி, பத்து நாளுக்குள் கான்லின் தோல்வியை ஒப்புக்கொண்டார். வித்தியாசம் 3,151 ஓட்டு.

இங்கேதான் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: 2012இல் தோற்றது அவருக்கு நல்லதாகப் போயிற்று. ஒலிம்பியாவில் ஜெயித்திருந்தால் 98 பேரில் ஒருவர். சபாநாயகரை வீழ்த்தி வந்த ஒற்றை ஆள். எந்தக் குழுவில் என்ன மசோதா நகர்ந்திருக்கும்? நகரசபையில் அவர் 9 பேரில் ஒருவர். பதவியேற்ற ஆறு மாதத்துக்குள், 2014 ஜூனில், 15 டாலர் சட்டம் ஒருமனதாக நிறைவேறியது. அப்போது மாநிலக் குறைந்தபட்சக் கூலி 9.32 டாலர், மாநிலங்களில் அதுவே அதிகம். பெரிய நிறுவனங்களுக்குச் சில ஆண்டுகள், சிறியவற்றுக்கு 2021 வரை அவகாசம் கொடுத்தார்கள். சாவந்த் அந்த விட்டுக்கொடுப்பைத் திட்டிக்கொண்டே ஓட்டுப் போட்டார். அவர் சுபாவம் அது. கூட வேலை செய்வது சுலபமில்லாத ஆள் என்று சக உறுப்பினர்கள் குறைப்பட்டதிலும் நியாயம் இருந்திருக்கும். 2021இல் அவரைத் திரும்ப அழைக்க ஓட்டெடுப்பே நடந்து, சில நூறு ஓட்டில் தப்பினார்.

2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரம் சியாட்டில். மசோதா அவருடையது, 6க்கு 1 என்று நிறைவேறியது. தான் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவள் என்பதை அவர் மறைக்கவில்லை. உங்கள் துறைக்கு இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு. சிஸ்கோவில் ஒரு தலித் இன்ஜினியருக்குப் பாகுபாடு காட்டப்பட்டதாகக் கலிஃபோர்னியா அரசு 2020இல் வழக்குப் போட்ட பிறகுதான் இந்தப் பேச்சு அங்கே சூடுபிடித்தது. அதே 2023இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் மாநிலம் முழுவதற்கும் இதேபோன்ற ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் நியூசம் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

நகரசபையால் முடியாததும் உண்டு. வாடகைக்கு உச்சவரம்பு வேண்டும் என்று சாவந்த் பதவியில் இருந்த பத்து வருஷமும் கேட்டார். நடக்கவில்லை. காரணம் ஒலிம்பியாவில் இருந்தது: நகரங்கள் வாடகையைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று 1981இலேயே மாநிலச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அவர் பதவியை விட்டு இறங்கிய பிறகு, 2025இல், மாநிலச் சட்டமன்றமே ஒரு வரம்பு கொண்டுவந்தது.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். தேர்தலில் நிற்கக் குடியுரிமை வேண்டும். எச்-1பி விசாவில் இருக்கும்வரை ஓட்டும் இல்லை. வேட்பாளருக்குப் பணம் கொடுத்துவிடாதே, ஐந்து டாலர்கூட. வெளிநாட்டுக் குடிமக்கள் நன்கொடை தருவது அங்கே சட்டவிரோதம், கிரீன் கார்டு வந்த பிறகுதான் அது சரி. சம்பளம் வாங்காமல் வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுக்கலாம், அதற்குத் தடையில்லை.

அந்த 2025 சட்டம் உனக்கும் உதவும். ஆண்டு வாடகை உயர்வு, விலைவாசி உயர்வோடு 7 சதவீதம் அல்லது 10 சதவீதம், இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. கட்டி 12 வருஷம் ஆகாத கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. அக்ரிமென்ட் புதுப்பிக்கும் முன் உன் அபார்ட்மென்ட் எந்த வருஷம் கட்டியது என்று ஆபீஸில் கேட்டுக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா