மறுகா

சென்ற பள்ளி விடுமுறையில் பாசிக்குடாவிலுள்ள எமது தமக்கையார் வீட்டுக்குப் போயிருந்தோம். ஆறாம் தரத்தில் படிக்கும் பேத்தி தன் கட்டுரைக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். ‘அப்பா கடலால் வரச் சுணங்கினார். மறுகா நாங்கள் வீட்டுக்குப் போனோம்’ என்று அதில் எழுதியிருந்தாள். இரண்டு சொற்களின் கீழும் சிவப்புக் கோடு; ஓரத்தில் ‘கொச்சை’ என்று ஒரு குறிப்பு.

கோட்டோடு காரியம் முடியவில்லை. அன்றுமுதல் பிள்ளை தன் அம்மம்மாவையும் திருத்தத் தொடங்கிவிட்டாளாம். இரவுதோறும் கதை சொல்லிவந்த தமக்கையார், “எனக்கு ஒழுங்காப் பேச வராது புள்ள” என்று கதையையே நிறுத்திவிட்டார்.

ஆசிரியரை நாம் குறைகூறவில்லை. கட்டுரைக்கென ஒரு நடை உண்டு. பரீட்சையில் ‘பின்னர்’ என்றே எழுதவேண்டும். ஆனால் ‘கொச்சை’ என்றதைத்தான் ஏற்க முடியவில்லை. ஒருகால், பலகால் என்று நூல்களில் படிக்கிறோமே, அந்த வரிசையில் வரும் ‘மறுகால்’ என்பதே தேய்ந்து ‘மறுகா’ ஆயிற்று என்பது எமது கருத்து. சுணங்குதலோ இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ‘பணிகளில் சுணக்கம்’ என்று தலைப்பிட்டே எழுதுகின்றன! அங்கே ஏட்டுச் சொல், இங்கே அடுப்படிச் சொல். மட்டக்களப்புத் தமிழ், பேச்சுத் தமிழ் வழக்குகள் அனைத்திலும் இலக்கிய நடைக்கு மிக நெருங்கியது என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் 1966-இல் எழுதினார். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்த அடிகள், காரைதீவில் இப்பேச்சைக் கேட்டு வளர்ந்தவரே.

இச்சங்கடம் நமக்கு மட்டும் உரியதன்று. ஹொங்கொங்கில் கன்டோனிய மொழி பேசும் பிள்ளைகள் உண்பதை வீட்டில் ‘சிக்’ என்பார்கள். பள்ளிக் கட்டுரையிலோ, வடசீனப் பேச்சை அடியொற்றிய பொதுநடைக்குரிய வேறொரு சொல்லை எழுதவேண்டும். ஆயினும் பழைய சீன நூல்களில் உண்பதைக் குறிக்கும் சொல் அந்தச் ‘சிக்’தான்.

இவற்றையெல்லாம் பேத்திக்கு ஓர் மாலை சொன்னோம். அவ்வளவாகக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ‘மறுகால்’ என்பதை மாத்திரம் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

அன்றிரவு வற்புறுத்தலின்பேரில் தமக்கையார் கதை தொடங்கினார். சொற்களைத் தேடித் தேடிச் சொன்னார். பாதியில் தடுமாறி நின்றார். பாயில் கிடந்த பிள்ளை தலையைத் தூக்கிக் கேட்டாள்: “மறுகா, அம்மம்மா?”