மைக்கா இல்லாத மைக்கா

நம்ம ஊர்ல யாரும் லேமினேட்னு சொல்றதில்லை, மைக்கான்னுதான் சொல்லுவோம். போன மே மாசம் சமையலறை சாமான் அலமாரிக்கு மைக்கா ஒட்டின 6 அடிக் கதவு போட்டோம். நவம்பர் மழையில அது வில்லு மாதிரி வளைஞ்சு, மேல் மூலையும் கீழ் மூலையும் வெளியே துருத்திக்கிட்டு நின்னுச்சு. கார்ப்பெண்டர் அண்ணனைக் கூப்பிட்டு ஈரப் பிளைவுட்டைத் தலையில கட்டிட்டீங்கன்னு சத்தம் போட்டேன். பாக்கிக் கூலியில 2,000 ரூபாயையும் பிடிச்சுக்கிட்டேன். மனுஷன் ஒண்ணும் பேசாமப் போயிட்டார்.

அப்புறம்தான் இந்த மைக்கா என்ன சமாச்சாரம்னு படிக்க ஆரம்பிச்சேன் (எப்பவும் போல, சண்டை போட்ட பிறகு!).

முதல் ஆச்சரியம், இதுல மைக்காவே இல்லை. அமெரிக்காவுல 1913ல ஃபார்மைக்கா கம்பெனியை ஆரம்பிச்சவங்க, மின்சாரக் கருவிகள்ல மைக்காவுக்குப் பதிலா வைக்கத்தான் இதைச் செஞ்சாங்க. 'ஃபார் மைக்கா'ங்கிறதுதான் பேரு. சன்மைக்கா நம்ம ஊர் பிராண்ட், அதுலயும் மைக்கா கிடையாது.

இது பெரும்பாலும் காகிதம்தாங்க. பழுப்புக் காகிதத்தை ஃபீனாலிக் பிசின்ல ஊறவச்சு அடுக்கி, மேல டிசைன் அச்சடிச்ச காகிதத்தை மெலமைன் பிசின்ல ஊறவச்சுப் போட்டு, 120 டிகிரிக்கு மேல சூட்டுல, சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோவுக்குக் குறையாத அழுத்தத்துல அழுத்துறாங்க. எல்லாம் ஒரே தகடா ஆயிடும். வெட்டின ஓரத்துல பழுப்புக் கோடு தெரியுதே, அது அந்தக் காகிதம்தான். நம்ம 'தேக்கு' வெறும் பிரிண்ட் :)

இனிதான் விஷயம். முன்பக்கம் மட்டும் ஒட்டினா அந்தப் பக்கம் ஈரம் சுலபமாப் போகாது. வெறுமனே விட்ட பின்பக்கம் மழைக்காலத்துல ஈரத்தை உறிஞ்சி விரியும். முன்பக்கம் அதே அளவு விரியாம இழுத்துப் பிடிக்கும். கதவு வளையாம என்ன செய்யும்? அதனால ரெண்டு பக்கமும் ஒட்டணும். உள்ளே அதே கனத்துல இருந்தா உத்தமம். குறைஞ்சபட்சம் லைனர்னு விக்கிற மெல்லிசு வெள்ளைத் தகடாவது வேணும். உயரக் கதவுன்னா கட்டாயம்.

இதைப் படிச்சதும் மே மாசம் நடந்த பேச்சு ஞாபகம் வந்துச்சு. "உள்பக்கமும் போட்டுடலாம் சார்"னு அந்த அண்ணன் ரெண்டு தடவை சொன்னார். "உள்ளே யாருண்ணே பாக்கப் போறா, பெயிண்ட் அடிச்சு விடுங்க"ன்னு சொன்னது சாட்சாத் நான்தான். மிச்சம் பிடிச்சது ஒரு ஷீட்டு காசு.

நேத்து போன் பண்ணி, தப்பு என்னுதுதான்ணேன்னு சொல்லி, அந்த 2,000த்தைக் கொடுத்தேன். இப்போ உள்பக்கம் ஒட்டினா நிமிர்ந்துடுமான்னு கேட்டேன்.

"வளைஞ்சது வளைஞ்சதுதான் சார். புதுசாத்தான் போடணும். ஷீட்டு ரெண்டு வாங்கி வைங்க, ஞாயித்துக்கிழமை வரேன்"னார்.