வேகம் பிறகு வரட்டும்

உங்கள் மகனோ தம்பியோ விடுமுறை வந்தால் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்திற்கு ஓடுகிறவனா? அப்படியானால் என் தவறு ஒன்றை உங்களிடம் அறிக்கையிடவேண்டும்.

மும்பை ஆசாத் மைதானத்தில் ஒன்றையொட்டி ஒன்றாகப் பல ஆட்டங்கள் நடக்கும். அங்கே நம் வாலிபரோடு நானும் பந்து வீசுவதுண்டு. பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன் மிகுந்த வேகத்தோடு வீசினான். "இன்னும் வேகமாக, தம்பி!" என்று நான் ஏவிக்கொண்டேயிருந்தேன். கீழ்முதுகு வலித்ததை அவன் எங்களிடம் மறைத்தான். விக்கெட் விழும்போதெல்லாம் நான் கைதட்டினேனே, எப்படிச் சொல்லுவான்? முடிவில் குனியவும் இயலாமற்போயிற்று. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் மெல்லிய விரிசல் என்றார். பல மாதங்கள் அவன் பந்தைத் தொடவில்லை.

வேகத்தைவிட, உடல் திரும்பிய விதத்திலேயே பிழை இருந்தது. பின்காலை ஊன்றும்போது அவன் இடுப்பு பேட்ஸ்மேனை நோக்கியும், தோள்கள் பக்கவாட்டிலும் இருந்தன. ஈரத்துணியைப் பிழிவதுபோல் முதுகு முறுக்கப்படுகிறது. அடுத்த கணமே முன்காலில் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை இறங்குகிறது. மார்பை நேரே காட்டியும் வீசலாம், பக்கவாட்டில் திரும்பியும் வீசலாம். ஆனால் இடுப்பும் தோளும் ஒரே திசையை நோக்கவேண்டும்.

ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியும் 1973இல் முதுகெலும்பு விரிசலால் முடங்கினார். பொறுமையோடு உடலைப் பலப்படுத்தி, பந்துவீச்சைச் சீர்செய்து, 1974இல் திரும்பி வந்தார். டெஸ்ட் ஆட்டங்களில் 355 விக்கெட்டுகள் எடுத்தார். 1987இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் நம் நாட்டு வாலிபருக்கும் கற்பித்தார்.

மருத்துவர் அனுமதித்தபின் எங்கள் பிள்ளையும் அடியிலிருந்து தொடங்கினான். முதலில் ஓடாமல், நின்ற இடத்திலிருந்தே வீசினான், பிறகு நாலடி நடந்து, கடைசியாகவே ஓடி. ஸ்டம்புக்கு முன் ஏறக்குறைய 6 மீட்டரில் ஒரு கைக்குட்டையை விரித்து, அதையே குறியாக வைத்தோம். பின்னாலிருந்து கைப்பேசியில் படம்பிடித்து, இடுப்பும் தோளும் இணைந்து திரும்புகின்றனவா என்று பார்த்தோம். வீசிய பந்துகளை எண்ணி நோட்டில் குறித்தோம். வலித்தால் அன்றே நிறுத்தினோம்.

இப்பொழுது நான் "இன்னும் வேகமாக" என்று சொல்லுவதில்லை. "தம்பி, முதுகு எப்படியிருக்கிறது?" என்றே கேட்கிறேன். நீங்களும் உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்; அவன் மறைக்காமல் பதில் சொல்லும்படி அன்பாய்க் கேளுங்கள்.