அம்மா எழுதிவைத்த வீடு

கனடாக் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு 1918 என்ற ஆண்டு தெரிந்திருக்கும். கூட்டாட்சித் தேர்தலில் பெரும்பாலான பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த ஆண்டு அது. கிச்சனர் நகரில் தமிழ்ப் பெண்களுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறவள் நான். எத்தனையோ பேருக்கு அந்த விடையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பெண்களின் உரிமை படிக்கட்டுப்போல மேல்நோக்கியே போகும் என்ற கதையும் அந்த விடைக்குள் சேர்ந்தே வருகிறது. எங்கள் நகரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் ஓஸ்வீக்கன் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே கதை தலைகீழ். 1918க்கு ஆறு ஆண்டுகள் கழித்து, அந்த ஊர்ப் பெண்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்த அரசியல் அதிகாரத்தைக் கனடா அரசு பறித்தது.

ஓஸ்வீக்கன், 'கிராண்ட் ஆற்றின் ஆறு தேசங்கள்' என்ற ஒதுக்கு நிலத்தின் மையக் கிராமம். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனிகா, டஸ்கரோரா ஆகியவையே அந்த ஆறு தேசங்கள். இரோக்குவா என்பது வெளியார் வைத்த பெயர். தங்களை அவர்கள் ஹோடனோஷோனி என்கிறார்கள். நீண்ட வீட்டின் மக்கள் என்று பொருள். இன்று நியூயோர்க் மாநிலமாக இருக்கும் நிலம்தான் அவர்களுடைய பழைய ஊர். அமெரிக்க விடுதலைப் போரில் அவர்களில் பலர் பிரித்தானியர் பக்கம் நின்றார்கள். அதற்குப் பழியாக 1779ல் வாஷிங்டன் அனுப்பிய படை நாற்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களை எரித்தது. வீடுகளோடு சோள வயல்களும் எரிந்தன. சோளம், அவரை, பூசணி மூன்றையும் சேர்த்து நட்டு ஊருக்குச் சோறு போட்டவர்கள் பெண்கள். ஆகவே எரிந்த வயல்கள் அவர்களுடைய உழைப்பு.

போரில் தோற்ற பிரித்தானியர் 1784 ஒக்டோபர் 25ல் ஒரு பிரகடனம் எழுதிக் கொடுத்தார்கள். கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறு மைல் ஆழத்துக்கு, முகத்துவாரத்திலிருந்து ஊற்று வரையான நிலம் இவர்களுக்கும் இவர்களுடைய சந்ததிக்கும் என்பது அதன் சாரம். ஏறத்தாழ 950,000 ஏக்கர். இன்று கையில் இருப்பது அதில் ஐந்து வீதத்துக்கும் குறைவு. குத்தகை, விற்பனை, அத்துமீறிய குடியேற்றம் என்று நிலம் போனது. அரசு நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்த பணத்தை அவர்களுடைய சம்மதமில்லாமல் ஒரு ஆற்றுப் போக்குவரத்துக் கம்பனியில் போட்டார்கள், கம்பனி நொடித்துப்போனது. நான் வீட்டுக்கடன் கட்டும் கிச்சனர், எங்கள் பிள்ளைகள் கணினி படிக்கப் போகும் வோட்டர்லூ, கேம்பிரிட்ஜ், பிரான்ட்ஃபோர்ட் எல்லாம் அந்த ஆறு மைலுக்குள்தான் வருகின்றன.

மே மாதம் விக்டோரியா தின விடுமுறையில் ஓஸ்வீக்கனில் பாணும் சீஸும் கொடுப்பார்கள். போரில் துணைநின்றதற்கு நன்றியாக விக்டோரியா மகாராணி காலத்தில் தொடங்கிய வழக்கம். இன்று ஊர் மன்றமே அதைத் தொடர்கிறது. நான் போனபோது பாட்டிமாரும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் இளம்பெடியளும் நீண்ட வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு துண்டுப் பாண், ஒரு கட்டிச் சீஸ். பட்டுப்போன கூட்டணியின் நினைவை இப்படித் தின்று சிரிக்கிறார்கள். தள்ளி ஒரு மேசையில் சோளச் சூப் விற்ற வயதான பெண்மணியோடு பேச்சுக் கொடுத்தேன். என் நாட்டைக் கேட்டார். அடுத்து, உன் அம்மாவின் ஆட்கள் யார் என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு "நீ ஆற்றை மகள்?" என்ற கேள்வி பழக்கம், அதற்கு அப்பாவின் பெயரைத்தான் சொல்வோம். அம்மாவின் பக்கத்தை முதலில் கேட்ட ஊரை நான் அன்றுதான் கண்டேன்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு அரசியல் அமைப்பே இருக்கிறது. ஹோடனோஷோனி மரபில் குலம் தாய்வழி வரும். கல்யாணம் செய்த ஆண் மனைவியின் குலத்து நீண்ட வீட்டுக்குப் போய் வாழ்ந்தான். பெருஞ்சபையில் அமரும் ஐம்பது தலைவர் பட்டங்களும் குலங்களின் உடைமை. ஒரு பட்டத்துக்கு யாரை நியமிப்பது என்பதைக் குலத்தாய் தன் குலத்தோடு கலந்து முடிவு செய்வார். தலைவர் வழிதவறினால் எச்சரிப்பார்; திருந்தாவிட்டால் பட்டத்தைத் திருப்பி எடுப்பார். தலைவருக்கு அடையாளம் மான்கொம்பு. பதவி நீக்கத்தைக் கொம்பைக் கழற்றுவது என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெண் வாக்குரிமைக்குப் போராடிய மட்டில்டா ஜோஸ்லின் கேஜ் இதைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதினார். 1893ல் மோஹாக் ஓநாய்க் குலம் அவரைத் தத்தெடுத்தது.

1924 ஒக்டோபரில் ஓஸ்வீக்கன் பேரவை மண்டபத்தில் ஒரு அரசாணை வாசிக்கப்பட்டது. பரம்பரைப் பேரவை கலைக்கப்பட்டது. இனிமேல் தேர்தல் மன்றம்தான். சுயாட்சி கேட்டு ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் கதவைத் தட்டப்போன கயூகாத் தலைவர் டெஸ்காஹே அப்போது ஊரிலேயே இல்லை. ஜனநாயகம் வந்தது என்று அரசு சொன்னது. வாக்குப்போடத் தகுதி 21 வயது நிரம்பிய ஆண்களுக்கு மட்டும். தலைவரை நியமிக்கவும் நீக்கவும் உரிமை வைத்திருந்த பெண்கள், ஒரு வாக்குச்சீட்டைக்கூடத் தொட முடியாதவர்களானார்கள். மன்றத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு வந்தது 1951ல்.

பேரவைக்கு முன்பே வீட்டுக்குள் கை வைத்தாயிற்று. கனடாச் சட்டம் பூர்வகுடியினரை 'இந்தியர்' என்று எழுதியது. 1869 முதல், அந்நியரைக் கல்யாணம் செய்யும் இந்தியப் பெண் இந்தியர் அல்ல. அவள் பிள்ளைகளும் அல்ல. 1876ன் இந்தியர் சட்டம் அதை உறுதியாக்கியது. ஆண் அந்நியப் பெண்ணைக் கட்டினால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. வந்த மனைவியும் இந்தியர் ஆகிவிடுவாள். ஓஸ்வீக்கனுக்கு அருகே ஆற்றங்கரையில் சீஃப்ஸ்வுட் என்ற மாளிகை இருக்கிறது. ஒரு முகப்பு ஆற்றைப் பார்க்கும், அதேபோன்ற இன்னொன்று வீதியைப் பார்க்கும். கவிஞர் போலின் ஜோன்சன் 1861ல் அங்கே பிறந்தார். தந்தை மோஹாக் தலைவர், தாய் ஆங்கிலேயப் பெண். கனடாச் சட்டத்தில் ஆங்கிலேயத் தாயும் இந்தியர்தான். நீண்ட வீட்டின் மரபிலோ மோஹாக் தாய் இல்லாத போலினுக்குக் குலமே இல்லை. தாய்வழி மரபும் சிலரை வெளியே நிறுத்தியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தாய் வழியாக வரும் உறவை, அதே மண்ணில் பிறந்த பெண்களிடமிருந்து அறுத்தது ஒட்டாவாவின் சட்டம்.

அந்தச் சட்டம் என்ன செய்தது என்பதை இவோன் பெடார்டின் வழக்கு காட்டும். ஆறு தேசங்களின் ஒதுக்கு நிலத்தில் பிறந்தவர். 1964ல் பூர்வகுடி அல்லாத ஒருவரைக் கல்யாணம் செய்தார். 1970ல் பிரிந்து, இரண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்பினார். தங்க வீடு இருந்தது. அவருடைய அம்மா மரணசாசனத்தில் அவருக்கு எழுதிவைத்த வீடு. ஊர் மன்றம் சில மாதத் தவணை கொடுத்து, வீட்டைக் கைமாற்றிவிட்டு வெளியேறச் சொன்னது. சகோதரர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அங்கேயே இருந்தார். அதற்கும் வெளியேற்ற அறிவித்தல் தயாரானது. வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் வென்றார். 1973 ஓகஸ்ட் 27ல், அனிஷினாபே இனத்தவரான ஜனெற் கோர்பியர் லவெல்லின் வழக்கோடு சேர்த்து, உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்று தோற்றார். இந்தியப் பெண்கள் எல்லோரையும் சட்டம் ஒரே மாதிரித்தானே நடத்துகிறது, பிறகெங்கே சமத்துவமின்மை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் நியாயம்.

வழக்கில் அவருக்கு எதிரே நின்றது அவருடைய சொந்த ஊர் மன்றம். தேசிய இந்தியச் சகோதரத்துவம் என்ற அமைப்பும் அரசின் பக்கமே நின்றது. ஒரு பிரிவு விழுந்தால் இந்தியர் சட்டம் முழுவதும் விழும், அதோடு எஞ்சிய நிலமும் போய்விடும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. 1969ல்தான் அரசு அந்தச் சட்டத்தையே நீக்கிவிடும் திட்டமொன்றை முன்வைத்திருந்தது. யார் நம்மவர் என்று முடிவுசெய்யும் உரிமை தங்களுடையது என்று மன்றம் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் தூக்கிப்பிடித்த எல்லைக்கோட்டைப் போட்டது அவர்களுடைய பாட்டிமார் அல்ல, ஒட்டாவா.

இதைப் படித்தபோது என் அக்காவின் ஞாபகம் வந்தது. வடமராட்சியில் அம்மாவின் சீதன வீட்டுக் காணியை அம்மா எங்கள் இருவருக்கும் சரிபாதியாக எழுதி வைத்தா. அக்கா கட்டியது யாழ்ப்பாணத்தவரை. நான் கட்டியது மட்டக்களப்பாரை. தேசவழமையோடு சேர்ந்த 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட பெண் உட்படாத ஆணைக் கட்டினால், அந்தக் கல்யாணம் நீடிக்கும் வரை அவளுக்கும் தேசவழமை இல்லை. வெளியிலிருந்து வரும் பெண் உட்பட்ட ஆணைக் கட்டினால் அவளும் உட்படுவாள். பெண் போகுமிடம் புருஷன் போகுமிடம். கனடாவில் 1869ல் எழுதிய அதே கணக்கு, அதே முடியின் கீழ். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள காணியைக்கூடக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. எனக்கு என் கையெழுத்துப் போதும். கணவர் பிரான்சுக்குப் போய்ப் பத்து வருடமாகத் தொடர்பில்லாத என் அக்கா, தன் அம்மா தந்த காணியை விற்க மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி கேட்டு நின்றா. கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களின் நிலை இன்னும் மோசம்.

இதை மாற்றவேண்டும் என்று சொன்னால் எங்கள் கூட்டங்களில் ஒரு பதில் வரும்: தேசவழமை எங்கள் இனத்தின் அடையாளம், இப்போது அதில் கை வைத்தால் மற்றவன் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவான். முதலில் இனம், பிறகு பெண். ஓஸ்வீக்கனின் கதை எனக்கு இந்த இடத்தில்தான் உதவியது. காக்கவேண்டிய மரபு எது, வெளி ஆட்சி மரபுக்குள் செருகிவிட்டுப்போன ஆண்வழி எது என்று பிரித்துப் பார்க்க அந்த ஊர்ப் பெண்கள் பழகியிருக்கிறார்கள். மகளுக்கு வீடு கொடுப்பது எங்கள் மரபு. அந்த வீட்டுக்குக் கணவரின் கையெழுத்துக் கேட்பதை ஏன் மரபு என்று தலையில் தூக்கிவைத்திருக்கிறோம்?

பெடார்டின் தோல்வியோடு போராட்டம் ஓயவில்லை. மொன்றியல் அருகே காஹ்னவாகே என்ற மோஹாக் ஊரில் பிறந்த மேரி டூ-அக்ஸ் ஏர்லி, 1960களிலிருந்தே பெண்களைத் திரட்டிவந்தார். 1975ல் மெக்சிக்கோவில் சர்வதேச மகளிர் ஆண்டு மாநாட்டில் இருந்தபோது, ஊரைவிட்டு வெளியேறச் சொல்லும் அறிவித்தல் வந்த செய்தி அவருக்குக் கிடைத்தது. உலகப் பெண்கள் முன்னிலையில் அதைச் சொன்னார். மலிசீட் இனத்தவரான சாண்ட்ரா லவ்லேஸ் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போனார்; 1981ல் கனடா உடன்படிக்கையை மீறியதாக அந்தக் குழு முடிவு சொன்னது. 1985ல் சட்டம் திருத்தப்பட்டது. முதல் ஆளாக அந்தஸ்தைத் திரும்பப் பெற்றபோது ஏர்லிக்கு 73 வயது. பிறகு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவேட்டுக்குத் திரும்பினார்கள். ஆனால் இரண்டு தலைமுறை தொடர்ந்து வெளியில் கட்டினால் மூன்றாவது தலைமுறைக்கு அந்தஸ்து இல்லை என்ற புதிய வெட்டு அதே திருத்தத்தில் வந்தது, இன்றும் இருக்கிறது.

ஓஸ்வீக்கனில் இன்றும் இரண்டு ஆட்சி. 1924ல் வந்த தேர்தல் மன்றம் ஒன்று. கலைத்ததாகச் சொன்ன பரம்பரைப் பேரவை மற்றது. அது கலையவே இல்லை. மன்றத்துக்கு 2001ல் முதற்பெண் தலைவராக ரொபேர்டா ஜேமிசன் தெரிவானார். குலத்தாய்மார் தங்கள் வேலையைத் தொடர்கிறார்கள். 2006 பெப்ரவரியில் கலிடோனியாவில், தங்கள் நிலம் என்று உரிமை கோரும் இடத்தில் வீட்டுத்தொகுதி எழுந்தபோது, முதலில் போய் வழிமறித்து உட்கார்ந்தது பெண்கள். நிலத்துக்குப் பொறுப்பு பெண்களுடையது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். ஏப்ரலில் காவல்துறை விடிகாலையில் வந்து கைதுசெய்தது. அன்றே ஊர் திரண்டு இடத்தை மீட்டது. வீடுகள் எழவில்லை.

எனக்குப் பிடித்த இடம் வேறொன்று. 1996 முதல் ஓஸ்வீக்கனில் ஒரு பிரசவ இல்லம் நடக்கிறது. அந்த மண்ணின் மருத்துவிச்சிகள் அங்கே பிரசவம் பார்க்கிறார்கள், இளம்பெண்களுக்கு அந்தத் தொழிலைப் பழக்குகிறார்கள். ஒருகாலத்தில் பிள்ளைகளைப் பிரான்ட்ஃபோர்டிலிருந்த விடுதிப் பள்ளிக்கு அனுப்பி மொழியை மறக்கச் செய்த நாடு இது. அந்தப் பள்ளி 1970ல்தான் மூடியது. இன்று அந்த இல்லத்தில் பிறக்கும் பிள்ளைக்கு ஒட்டாவாவின் பதிவேட்டில் இடமுண்டா என்பதை இந்தியர் சட்டத்தின் ஆறாம் பிரிவு கணக்குப்போட்டுச் சொல்லும். நீண்ட வீட்டில் அந்தக் கணக்குக் கிடையாது. அம்மா எந்தக் குலம் என்று கேட்பார்கள். பிள்ளையும் அந்தக் குலம்.