பெயர் மாறியது, ஈ.பி. மாறவில்லை

திருவேங்கடத்தில் ராத்திரி கரண்ட் போனால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "ஈ.பி. ஆபீசுக்கு போன் போடு" என்பார்கள். தென்காசியிலும் குற்றாலத்திலும் அதே பேச்சுதான். ஆனால் அந்த ஈ.பி., அதாவது மின்சார வாரியம், வாரியமாக இல்லாமல் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன!

2010 நவம்பர் 1-ம் தேதி வாரியம் கம்பெனிகளாக மாறியது. டி.என்.இ.பி. லிமிடெட் தாய் நிறுவனம். மின் உற்பத்தியையும் விநியோகத்தையும் டான்ஜெட்கோ எடுத்துக்கொண்டது. உயர் அழுத்த மின்பாதைகள் டான்டிரான்ஸ்கோவுக்குப் போயின. 2024-ல் டான்ஜெட்கோவும் மூன்றானது: மின் உற்பத்திக்கு ஒன்று, பகிர்மானத்துக்கு ஒன்று, பசுமை எரிசக்திக்கு ஒன்று. இத்தனை பெயர் வந்தும் மக்கள் வாயில் ஈ.பி. மட்டும் அப்படியே நிற்கிறது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு 'நற்பெயர்' பாடம் நினைவிருக்கும். விலை கொடுத்து வாங்கிய நற்பெயரைத்தான் கணக்குப் புத்தகத்தில் எழுதலாம். தானாகச் சேர்ந்ததை எழுதக் கூடாது. ஈ.பி. என்கிற இரண்டு எழுத்தும் அப்படித் தானாகச் சேர்ந்த சொத்து. எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் அது இல்லை.

அது எப்படிச் சேர்ந்தது? சுதந்திரத்துக்கு முன்பு சென்னை, மதுரை, வேலூர் என்று பெரிய ஊர்களில் தனியார் மின்சாரக் கம்பெனிகள் இருந்தன. இன்னொரு பக்கம் பைக்காரா, மேட்டூர், பாபநாசம் என்று அரசு நீர்மின் நிலையங்களைக் கட்டியது. சென்னைக் கம்பெனியை அரசு 1947-ல் எடுத்துக்கொண்டது. மற்ற கம்பெனிகளையும் எடுப்பதற்காக 1954-ல் ஒரு சட்டம் வந்தது. 1957 ஜூலை 1-ல் மாநிலம் முழுவதற்கும் ஒரே வாரியம் தொடங்கியது. திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டை சென்னை மாநிலத்தில் சேர்ந்து அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

ஒரே பெயர் வந்ததால் என்ன லாபம்? போர்டு எழுதுகிற பெயிண்டர் செலவு மிச்சம் என்று நினைக்க வேண்டாம். தனியார் கம்பெனி லாபம் கிடைக்கும் ஊரில் கம்பி இழுக்கும். கரிசல் காட்டுக் கிராமத்துக்கு நாலு மைல் கம்பம் நட்டு, பத்து வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தால் அதற்குக் கட்டுப்படியாகாது. மாநிலம் முழுவதும் ஒரே கணக்கு என்றால், கோயம்புத்தூர் மில்லும் சென்னைத் தொழிற்சாலையும் கட்டுகிற கூடுதல் கட்டணம் கிராமத்துச் செலவில் ஒரு பங்கைத் தாங்கும். அரசின் மானியம் இன்னொரு பங்கைத் தாங்கும். சென்னையில் வீட்டுக்கு என்ன கட்டணமோ அதே கட்டணம்தான் திருவேங்கடத்திலும்.

எல்லா மாநிலமும் இந்த வழியில் போகவில்லை. 2003 மின்சாரச் சட்டம் வாரியங்களைப் பிரிக்கச் சொன்ன பிறகு, 2005-ல் குஜராத் விநியோகத்தை வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு என்று நான்கு கம்பெனிகளாக்கியது. தொழிற்சாலை நிறைந்த தெற்குக்கு வருமானம் அதிகம், பம்புசெட் நிறைந்த வடக்குக்குக் குறைவு. அதைச் சரிக்கட்ட, தாய் நிறுவனம் நான்குக்கும் வெவ்வேறு விலையில் மொத்த மின்சாரம் விற்கிறது. வீட்டுக்கு வரும் கட்டணம் மட்டும் ஒன்றுதான். பிரித்தார்கள், ஆனால் பாரத்தைப் பகிர ஒரு வழியும் வைத்தார்கள். நம் பக்கம் புளியரை தாண்டினால் கேரளம். அங்கே கே.எஸ்.இ.பி. ஒரே கம்பெனியாகவே இருக்கிறது. உற்பத்தி, மின்கடத்தல், விநியோகம் என்று உள்ளுக்குள் தனித்தனிப் பிரிவுகள்.

சரி, ஒரே பெயரால் கெடுதல் இல்லையா? இருக்கிறது. எல்லாம் ஒரே பையில் விழுந்தால் ஓட்டை எங்கே என்று தெரியாது. 2017-ல் உதய் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தபோது டான்ஜெட்கோவின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. வெளியில் அதிக விலைக்கு மின்சாரம் வாங்கியதில் எவ்வளவு, கம்பியில் வீணானதில் எவ்வளவு, வட்டி எவ்வளவு? சாதாரண ஆளால் பிரித்துப் பார்க்க முடியாது. கடைசியில் வரியாகவோ பில்லாகவோ கட்டப்போவது அந்தச் சாதாரண ஆள்தான்.

அதனால் 2024 பிரிவினையைக் கெட்டது என்று தள்ளிவிட முடியாது. கணக்கு தனித்தனியாக இருந்தால் கேள்வி கேட்கலாம். ஆனால் ஒரு பயமும் இருக்கிறது. குற்றாலத்தில் சாரலைக் கொண்டுவரும் அதே ஆடிக்காற்றுதான் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து இந்தப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. நாளை பசுமைக் கம்பெனி லாபம் காட்டலாம். நட்டம் முழுவதும் பகிர்மானக் கம்பெனியின் தலையில் விழலாம். கட்டணத்தை உயர்த்தச் சொல்லிப் போய் நிற்கப்போவது பகிர்மானக் கம்பெனிதான். குஜராத்தில் இருப்பதைப் போல ஒரு தராசு இங்கேயும் வேண்டும்.

புகார் சொல்ல ஒரே வாசல் போதும். ஃபியூஸ் போன வீட்டுக்காரருக்கு மூன்று கம்பெனிப் பெயர் தெரிய வேண்டியதில்லை. 2021-ல் மாநிலம் முழுவதற்கும் ஒரே நம்பராக 'மின்னகம்' சேவை மையம் வந்தது அந்த வகையில் நல்ல விஷயம். ஆனால் அந்த வாசலுக்குப் பின்னால் எத்தனை கல்லாப்பெட்டி, எதில் எவ்வளவு இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த தடவை கரண்ட் பில் வரும்போது தொகையை மட்டும் பார்க்காதீர்கள் நண்பர்களே. மேலே எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். பிறகு அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் தேடிப் படியுங்கள். காமர்ஸ் படித்ததற்கு அதுவாவது பயன்படட்டும்!