வரும் என்னும் முற்று

தமிழாசிரியர்களுக்கு ஒரு தொழில்நோய் உண்டு. எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதற்கு முன்பாகவே எப்படிச் சொல்கிறார் என்பதில் மனம் போய் நின்றுவிடும். கல்யாணப் பத்திரிகையில் சந்திப்பிழை தேடுவதும், பேருந்தின் முதுகில் எழுதியிருக்கும் வாசகத்துக்கு அலகிட்டுப் பார்ப்பதும் இந்த நோயின் இலேசான அறிகுறிகள். 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஒரு மோட்டார் சைக்கிள் விற்பனை நிலையத்தின் சர்வீஸ் பிரிவில் பலமுறை நின்றபோது, இந்த நோய் எனக்கு ஒரு விதத்தில் உதவியது. அங்கே எனக்கு நேர்ந்தது என்ன என்பதை இலக்கணத்தின் வழியாகத்தான் புரிந்துகொண்டேன்.

நான் அரசுக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளன். பெயரில் இருக்கும் கௌரவத்துக்கும் மாதத் தொகுப்பூதியத்துக்கும் உள்ள உறவைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். குடியிருப்பது நகரத்தில், கல்லூரி அங்கிருந்து 32 கிலோமீட்டர். காலை 6.40 பேருந்தை விட்டால் அடுத்தது முதல் பாடவேளை முடிந்த பிறகுதான் கொண்டுபோய்ச் சேர்க்கும். இறங்கும் இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் நடை. தவறிய நாளுக்குச் சம்பளத்தில் கழித்துவிடுவார்கள். இதற்காகத்தான் 2022-இல் கடன் வாங்கி அந்த வண்டியை எடுத்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. சாவியைத் திருப்பினால் டேங்க்குக்குள்ளிருந்து இரண்டு நொடி ஒரு ரீங்காரம் கேட்கும்; அன்று கேட்கவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் எழவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்றார்கள். பழைய வண்டிகளில் இப்படி ஓர் உறுப்பே இல்லை. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கிவிடும். இப்போதுள்ள வண்டிகளில் எரிபொருளை அழுத்தத்தோடு செலுத்த டேங்க்குக்குள் மின்சாரப் பம்ப் ஒன்று வேண்டும். என் வண்டியில் அது மொத்தமாக மூடிய ஒரே உறுப்பு. பிரித்துச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

“வாரண்டியில இருக்கு சார், காசு ஒண்ணும் ஆகாது. ஆர்டர் போட்டாச்சு. வந்துடும்.”

இந்த மூன்று வாக்கியங்களோடு நாற்பத்தாறு நாட்கள் வாழ்ந்தேன்.

என் தந்தையிடம் ராஜ்தூத் வண்டி இருந்தது. அது நின்றுபோனால் அவர் பதற்றப்பட்டு நான் பார்த்ததில்லை. புளியமரத்தடியில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பார். பாயிண்டைச் சுத்தம் செய்வார். அதற்கும் மசியவில்லையென்றால் அடுத்த ஊர் மெக்கானிக். அந்த மெக்கானிக்கிடமும் பொருள் இல்லையென்றால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடைகள். புதிது கிடைக்காவிட்டால் புதுப்பேட்டையில் பழையது. ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறந்திருந்தது. இதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அன்றைய புகையை எல்லோரும்தான் சுவாசித்தோம். அந்த நாட்களில் ஒரு ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்தாண்டு வரை காத்திருந்தவர்கள் உண்டு. இன்று வண்டி ஒரு மணி நேரத்தில் கிடைக்கிறது. அதன் உள்ளுறுப்பு ஒன்றுதான் கிடைப்பதில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 மாசு விதிகளுக்குப் பிறகு கார்புரேட்டர்கள் பெரும்பாலும் விடைபெற்றன. காற்றுக்கு அது நல்லது. ஆனால் அதோடு தெருமுனை மெக்கானிக்கின் கையும் கட்டப்பட்டது. பழுதைக் கண்டறியும் கருவி கம்பெனிக்காரரிடம், பொருளும் அவரிடம். வெளியே பிரித்தால் வாரண்டி போய்விடும் என்ற எச்சரிக்கை வேறு. மற்றக் கதவுகளெல்லாம் சாத்தப்பட்ட பிறகு மிஞ்சும் ஒரே கதவின் முன்னால் நிற்பவனுக்கு, அங்கே சொல்லப்படும் சொல் எத்தனை முக்கியம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அந்த நிலையத்தின் முன்பக்கம் கண்ணாடி மாளிகை. குளிரூட்டிய கூடம், மாலை போட்ட புதுவண்டி, முன்சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம், அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைப் பிடித்தபடி குடும்பத்தோடு புகைப்படம். எங்களையும் அப்படி ஒரு படம் எடுத்தார்கள். சர்வீஸ் பிரிவு பின்பக்கச் சந்தில், தகரக் கொட்டகையில். ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அங்கே எனக்குத் துணைக்கு ஆள் இருந்தது. இரண்டு கேன்களைச் சைக்கிளில் கட்டி மிதித்து வந்த பால்காரர் ஒருவர், கிளட்ச் பொருளுக்காக மூன்று வாரமாக வருகிறார். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்த ஓர் இளைஞன். வண்டி இல்லாத நாளில் அவனுக்குக் கூலியே இல்லை. அவனுக்கும் என்னைப் போலவே, ஓடாத வண்டிக்கு மாதத் தவணை மட்டும் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இனி இலக்கணத்துக்கு வருகிறேன்.

‘வந்தேன்’ என்று சொன்னால் ‘நான்’ என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. வினையின் விகுதியே எழுவாயைக் காட்டிவிடும். தோன்றா எழுவாய் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். ‘ஆர்டர் போட்டாச்சு’ என்பது அப்படியல்ல. ‘போட்டு ஆயிற்று’ என்பதன் பேச்சு வடிவம் அது. யார் போட்டார், என்றைக்குப் போட்டார், எதையும் அந்த வினையிலிருந்து மீட்க முடியாது. எழுவாய் அதில் மறைந்திருக்கவில்லை. செயலைச் செய்தவரே அங்கிருந்து எழுந்து போய்விட்டார்.

‘வரும்’ இன்னும் நுட்பமானது. நன்னூல் படித்தவர்களுக்குத் தெரியும், ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு முற்று தன்மைக்கும் முன்னிலைக்கும் வராது. படர்க்கையிலும் பலர்பாலுக்கு வராது. அவன் வரும், அவள் வரும், அது வரும், அவை வரும் என்னலாம். ‘நான் வரும்’ என்று தமிழில் சொல்ல முடியாது. அதாவது, அந்தச் சொல்லுக்குள் ‘நான்’ நுழைய வழியே இல்லை. பொருள் தானாக வரும், எங்கிருந்தோ வரும், எப்போதோ வரும். சொல்பவர் பொறுப்பேற்க வேண்டியது ஒன்றுமில்லை. ஓர் அலுவலகம் தனக்கென்று ஒரு மொழியை உருவாக்கிக்கொள்ளும்போது இத்தகைய வடிவங்களைத் தேடிப்பிடித்துக்கொள்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

காத்திருத்தல் நமக்குப் புதிதல்ல. முல்லைத் திணையின் உரிப்பொருளே இருத்தல்தான். வினைமேற் சென்றவன் கார்ப்பருவத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போயிருக்கிறான், அவள் ஆற்றியிருக்கிறாள். நான் காத்திருந்ததும் ஆவணியில், கார்காலத்தில்தான். முல்லையை இத்தனை ஆண்டுகள் நடத்தியும் எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த இருத்தல் சாத்தியமானதற்குக் காரணம் அவளுடைய பொறுமை மட்டுமல்ல, அவன் குறித்துவிட்டுப் போன பருவமும்தான். எல்லை தெரிந்தால் மனிதர் எதையும் பொறுப்பர். எல்லை இல்லாத இருத்தல் மெல்ல நெய்தலின் இரங்கலாகிவிடுகிறது. நாற்பத்தாறு நாள் ஆகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் உடன் பணிபுரியும் நண்பரோடு பெட்ரோலைப் பகிர்ந்துகொண்டு போயிருப்பேன். ‘நாளைக்கு வந்துடும்’ என்பதால் ஒவ்வொரு நாளும் அன்றைக்கு மட்டும் ஏற்பாடு செய்தேன். நான்கு நாள் முதல் வகுப்பைத் தவறவிட்டேன். இரண்டு நாள் சம்பளம் போனது.

அந்த மேசையில் இருந்து ‘வந்துடும்’ என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் என் மாணவன். ஆறேழு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் இளங்கலைத் தமிழ் படித்தவன். சொல்லதிகாரத்தை நான்தான் நடத்தினேன். முதல் நாள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், தேநீர் வாங்கி வரச் சொன்னான். நாட்கள் போகப் போக என் கண்ணைப் பார்ப்பதைத் தவிர்த்தான். முப்பத்தைந்தாம் நாள் நான் வெளியே வந்தபோது பின்னாலேயே டீக்கடை வரை வந்தான்.

“ஐயா, உங்ககிட்ட இதுக்கு மேல சொல்ல முடியல. ஆர்டர் இன்னும் போகவே இல்ல.”

“அப்போ போட்டாச்சுன்னு சொன்னது?”

“அப்படித்தான் சொல்லணும்யா. தெரியாதுன்னோ இல்லன்னோ சொல்லக் கூடாதுன்னு மீட்டிங்ல சொல்லியிருக்காங்க.”

பிறகு கணக்கைச் சொன்னான். பொருளுக்கு முதலாளி முன்பணம் கட்டித்தான் எடுக்க வேண்டும். வாரண்டியில் மாற்றினால், பழைய பொருளைக் கம்பெனிக்கு அனுப்பி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே அந்தப் பணம் திரும்பும். அதனால் காசு கொடுக்கும் வாடிக்கையாளரின் பொருட்கள் முதலில். வாரண்டிக்காரர்கள் பட்டியல் சேரும்வரை கிடப்பில். ஓடாமல் நிற்கும் வண்டிக்கென்று அவசர ஆர்டர் ஒன்று உண்டாம். அதற்குச் செலவு கூடுதல் என்பதால் அங்கே போடுவதில்லை. ஒரு நாளைக்கு முப்பது பேர் அவனைத் திட்டுகிறார்கள். முன்கூடத்தில் இருப்பவர்களை யாரும் திட்டுவதில்லை.

“படிச்ச படிப்புக்கு இந்த வேலைதான்யா கிடைச்சுது” என்றான். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவன் படிப்பும் என் படிப்பும் ஒன்றுதான்.

அவன் சொன்னதை வைத்துக்கொண்டு மேலாளரிடம் சண்டைக்குப் போயிருந்தால் மறுநாள் அவனுக்கு வேலை இருந்திருக்காது. (இப்போது அவன் வேறு ஊரில், வேறு பணியில் இருக்கிறான். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.) செப்டம்பர் 9 அன்று ஒரு பக்கக் கடிதம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டு போனேன். வசையோ குற்றச்சாட்டோ இல்லை. ஜாப் கார்டு எண்ணும் மூன்று கேள்விகளும் மட்டும். என் வண்டிக்கான பொருளுக்கு எந்தத் தேதியில் ஆர்டர் அனுப்பினீர்கள்? அதன் எண் என்ன? எந்தத் தேதிக்குள் தருவீர்கள்? மூன்றிலும் எழுவாய் இருந்தது.

கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, சேவைக் குறைபாட்டை வரையறுக்கும்போது, நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் குறைபாடாகவே சொல்கிறது. பொருள் தாமதமாவது ஒன்று. தாமதத்தைப் பற்றிய உண்மையை மறைப்பது இன்னொன்று. இரண்டையும் சட்டம் பிரித்துப் பார்த்திருக்கிறது என்பது எனக்கு வியப்பாகவும் ஆறுதலாகவும் இருந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. 1915 என்ற உதவி எண்ணும் உண்டு. தேவைப்படுவோருக்குப் பயன்படட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

மேலாளர் நாற்பது நிமிடம் உட்காரவைத்து, கடிதத்தை இருமுறை படித்து, நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். மூன்றாம் நாள் ஆர்டர் எண்ணைத் தொலைபேசியில் சொன்னார்கள். ஆர்டர் தேதி செப்டம்பர் 10. முப்பத்தாறு நாட்களாகப் போட்டாச்சு, போட்டாச்சு என்றது கடிதம் கொடுத்த மறுநாள்தான் போடப்பட்டது. செப்டம்பர் 20 அன்று பம்ப் மாற்றி வண்டி கைக்கு வந்தது. பால்காரருக்கும் அதே கடிதத்தைப் பெயர் மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

வண்டியை எடுத்துக்கொண்ட பிறகு கோபம் வடிந்துவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுவது நாட்கள் மட்டுமல்ல. அந்த நாட்களை நாமே திட்டமிட்டுக்கொள்ளும் உரிமையும்தான். ‘பொருள் இல்லை, ஒரு மாதம் ஆகும்’ என்று சொல்லும் கடைக்காரர் நம்மை ஏமாற்றமடையச் செய்கிறார், ஆனால் மதிக்கிறார். ‘வந்துடும்’ என்று சொல்பவர் சிரித்த முகத்தோடு நம் நாளைத் தன் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொள்கிறார். மழுப்பல் இன்சொல் போலத் தோன்றினாலும் இன்சொல் ஆகாது. வாய்மையோடு சேராத இனிமையை நம் அறநூல்கள் இன்சொல்லாக எண்ணியதில்லை.

அடுத்த மாதம் ஆயில் மாற்றப் போயிருந்தேன். மாணவன் மேசையில் இருந்தான். எனக்கு முன்னால் நின்றவர் காக்கிச் சட்டை அணிந்த, ஏதோ ஆலையில் வேலை செய்பவர். அவரிடம் அவன் சொன்னது காதில் விழுந்தது.

“நேத்துதான் ஆர்டர் போட்டேன் அண்ணே. பதினஞ்சு நாளுக்குள்ள வராது. நீங்க வேற ஏற்பாடு பண்ணிக்குங்க.”

அவர் நன்றி சொல்லவில்லை. கத்தினார். இதற்கா இவ்வளவு பணம் கொட்டிக் கொடுத்தோம் என்றார். வேலை தெரியாதவனையெல்லாம் உட்காரவைத்திருக்கிறார்கள் என்றார். உள்ளிருந்து மேலாளர் எட்டிப் பார்த்தார். அவன் தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டு நின்றான். கத்தி முடித்ததும் அவர் வாசலுக்குப் போய் யாருக்கோ தொலைபேசியில் பேசினார்:

“பதினஞ்சு நாள் ஆவுமாம்டா. அதுவரைக்கும் உன் டிவிஎஸ்ஸக் குடு, பெட்ரோல் நான் போட்டுக்கிறேன்.”